அனுஷத்தன்று தோட்டத்தில் வேலை

நாகநாதன் வாத்தியார் தோட்டம் போட முடிவு செய்ததற்குக் காய்கறி காரணமே இல்லை. உருளைக்கிழங்கைத் தவிர மற்ற எல்லாக் காயையும் அவர் இலை ஓரத்தில் ஒதுக்கித்தான் பழக்கம். காரணம் கல்யாணம். அவருடைய கல்யாணம்தான். இரண்டாவது தடவை. அதே மனைவியோடு.

மார்கழிக் கடைசியில் ஒரு சாயங்காலம், தட்டில் அடையைப் போட்டுக்கொண்டே மாதங்கி ஆரம்பித்தாள். பங்குனியில் அவருக்கு அறுபது முடிகிறது. பங்குனி மாதம், அனுஷ நட்சத்திரம். அன்றைக்குத் திருக்கடையூரில் வைத்து அறுபதாம் கல்யாணம் செய்துவிடலாம். மன்னார்குடியிலிருந்து வேனில் போனால் இரண்டு மணி நேரம். பெங்களூரிலிருந்து மகள் ஹம்சத்வனி வந்துவிடுவாள். சொந்தக்காரர்கள் முப்பது, நாற்பது பேர்.

வாத்தியார் அடையைக் கீழே வைத்தார்.

"எனக்குத்தான் போன வருஷமே அறுபது ஆயிடுச்சே. ரிட்டையர்டே ஆயாச்சு."

"அது பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்காக உங்க அப்பா கூட்டிச் சொன்ன வயசு. கவர்மெண்ட்டை ஏமாத்தலாம். அபிராமி அம்மனை ஏமாத்த முடியுமா?"

"பாக்கலாம்" என்றார் வாத்தியார்.

முப்பத்து மூன்று வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் பேசிய மிகக் கடுமையான சொல் அதுதான். 'முடியாது' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், பையன்களிடம் தினமும் சொன்னவர்தான். வீட்டுக்குள் வந்ததும் அந்தச் சொல் மட்டும் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

அறுபதாம் கல்யாணம் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். போன வருடம் மாதங்கியின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் நடந்ததை நேரில் பார்த்துவிட்டார். நல்ல மனுஷன், ரேஷன் கடைக்குப் போனால்கூட இஸ்திரி போட்ட சட்டையோடு போகிறவர். அவரை ஒரு வேட்டியோடு உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார்கள். ஊற்றாத சொந்தக்காரர் கிடையாது. மனுஷன் நனைந்த கோழி மாதிரி நடுங்கினார். பிறகு கேமராக்காரப் பையன் ஒருத்தன், பேரன் வயசு, "அங்கிள், ஆன்ட்டியை லவ்வா ஒரு பார்வை பாருங்க" என்றான். அவரும் பார்த்தார். அந்தப் பார்வை குடும்ப வாட்ஸாப் குரூப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வாத்தியாரிடம் படித்த பையன்கள் மன்னார்குடி முழுக்க இருக்கிறார்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது. அவ்வளவுதான் அவருடைய கவலை.

மாதங்கிக்கு ஏன் அவ்வளவு ஆசை என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. அவர்கள் கல்யாணத்தன்று ஃபோட்டோக்காரர் படம் எல்லாம் எடுத்து முடித்து, சாப்பிட்டுவிட்டு, கேமராவைத் திறந்து பார்த்துவிட்டார். ஃபிலிம் மொத்தமும் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போனது. மாலையும் கழுத்துமாக அவள் நின்றதற்கு ஒரு படம்கூடக் கிடையாது. இதை அவள் குறையாகச் சொன்னதே இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை சும்மா ஞாபகப்படுத்துவாள்.

ஆகவே மறுக்கவும் முடியாது, போகவும் முடியாது. வாத்தியார் மூன்று நாள் யோசித்தார். எதிர்வீட்டுக்காரர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. "மாட்டை யாரு பாத்துக்குறது?" என்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மாடு இருக்கிற மனுஷனை உலகமே மன்னித்துவிடுகிறது. ஆனால் வாத்தியாருக்கு மாடு என்றால் பயம். அதற்கு அடுத்தபடியாகத் தினமும் ஆள் வேண்டியது எது? செடி. கொல்லையில் இடம் சும்மாதான் கிடந்தது.

தை பிறந்ததும் அறிவித்துவிட்டார். இனி இந்த வீட்டுக்குக் காய்கறி வெளியிலிருந்து வராது.

மாதங்கி ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். "நல்ல யோசனைங்க" என்றாள்.

அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவருடைய எந்த யோசனையையும் அவள் அதற்கு முன்னால் நல்லது என்று சொன்னதில்லை. அவர் சந்தேகப்படவில்லை. சந்தோஷப்பட்டார்.

போனில் கேட்ட மகள் உற்சாகமாகிவிட்டாள். செங்கல் வைத்துக் கட்டிய மேட்டுப்பாத்தி, பைகள், சொட்டுநீர்க் குழாய், நேரம் வைத்தால் தானே திறந்து தானே மூடும் குழாய் எல்லாம் ஆர்டர் போட்டு அனுப்புகிறேன் என்றாள். நீங்க ஒரு வாரம் ஊருக்குப் போனாலும் செடி வாடாதுப்பா என்றாள். தானே தண்ணீர் விட்டுக்கொள்ளும் தோட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன சாக்குச் சொல்வது?

"அதெல்லாம் நமக்கு வேணாம்மா. நம்ம மண்ணுக்குச் சாதாரணப் பாத்திதான். தரையோட தரையா. மனுஷன் கை பட்டாத்தான் அது செடி."

மகள் கண் கலங்கிவிட்டாள். அப்பாவுக்குள் இப்படி ஒரு விவசாயி இருந்தது இத்தனை வருடம் தெரியவில்லையாம்.

பக்கத்து வீட்டு யூனுஸ் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மண்வெட்டி, களைக்கொத்து, பூவாளி எல்லாம் அவர் கடையிலிருந்து வந்தன. சாமானோடு அவரும் வந்து மதில்மேல் முழங்கையை ஊன்றி நின்றுகொண்டார். கிரிக்கெட் பார்க்கிற மாதிரி.

முதல் பாத்தியை வாத்தியார் அவர் வம்சம் அறிந்த முறையில் போட்டார். நெல் முறை. தாத்தா, முப்பாட்டன் எல்லோரும் நெல்லைத் தவிர வேறு எதையும் விதைத்ததில்லை. இவர் சின்ன வயதில் வரப்பில் நின்று பார்த்ததோடு சரி. கொல்லை முழுக்க மண்ணைக் கொத்தினார். மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் கட்டினார். இறங்கி மிதித்துச் சேறாக்கினார். ஒரு பலகையைக் கயிற்றில் கட்டி இழுத்து, கண்ணாடி மாதிரி சமன் செய்தார். முழங்கால் வரை சேறு. அதன்மேல் கீரை விதையை வீசினார், நாற்றங்காலில் நெல் தெளிக்கிற அதே கை வீச்சோடு.

யூனுஸ் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது சம்பாவா குறுவையா?"

கீரை விதை கடுகைவிடப் பொடி. தண்ணீரில் மிதந்து, காற்றடித்த பக்கமாக ஒதுங்கி, கொல்லையின் தென்கிழக்கு மூலையில் போய்ச் சேர்ந்தது. வெண்டை விதை சேற்றுக்குள் அழுகியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அத்தனை பெரிய கொல்லையில் ஒரே ஒரு மூலையில் மட்டும் கொத்தாகக் கீரை. மீதி இடம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது.

வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவரால் விட முடியாது. செடி இல்லாவிட்டால் சல்லடை. மண் காய்ந்ததும் கட்டியை உடைத்து மறுபடி கொத்தினார். எருவைப் போட்டுக் கலந்தார். இந்தத் தடவை சின்னச் சின்னப் பாத்தி. இரண்டு பக்கமும் உட்கார்ந்தால் கை நடுவில் எட்டுகிற அகலம். சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு வரப்பு, ஓரமாக ஒரு சிறு வாய்க்கால். மட்டம் பார்க்க யூனுஸ் கடையிலிருந்து கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தையே வாங்கி வந்தார். கணக்கு வாத்தியார் இல்லையா. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே வைக்கோலைப் பரப்பி, பூவாளியால் மழைத் தூறல் மாதிரி தெளித்தார். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போனது. சாம்பலைத் தூவினார். மயில் வந்தது. பழைய சி.டி.க்களைக் கட்டித் தொங்கவிட்டார். மயில் அதில் முகம் பார்த்தது. கடைசியில் அவரே கம்போடு உட்கார்ந்தார்.

முளைத்தது. உண்மையாகவே முளைத்தது. வைக்கோலை விலக்கிப் பார்த்தபோது பச்சையாகப் பொடிப் பொடியாக எழுந்து நின்றது. அவர் பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன்களைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

மாதங்கி தினமும் மோரோடு வந்து நின்றாள். பார்த்தாள். பாராட்டினாள். கேட்டும் கொண்டாள். கொத்தவரைக்கு ஒரு பாத்தி பத்தாதுங்க, மூணாப் போடுங்க. கத்திரி நாத்து இன்னும் வாங்கி வைங்க. வெள்ளரியும் இருக்கட்டும். அவர் பாகல் போடலாமா என்றதற்கு மட்டும் வேண்டவே வேண்டாம் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கலைஞனிடம் ரசிகை இன்னொரு பாட்டுக் கேட்டால் யாராவது காரணம் கேட்பார்களா?

மாசி மாதம், செடி முழங்கால் உயரம் வந்ததும், அவர் சீட்டை எடுத்துப் போட்டார்.

"பங்குனியில எப்படி மாதங்கி நான் வர முடியும்? வெயில் ஏறுது. இது தரைப்பாத்தி. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தண்ணி விட்டாகணும். ஒரு நாள் விட்டா அவ்வளவும் போச்சு."

மதில்மேல் இருந்த யூனுஸ், "நீங்க போயிட்டு வாங்க வாத்தியாரே, ஒரு நாள் நான் விடுறேன்" என்றார்.

"உங்களுக்குக் கடை இல்ல? போய்க் கடையைப் பாருங்க."

மாதங்கி மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். முகம் வாடியதுபோலத்தான் இருந்தது. அவருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரே ஒரு கணம்.

"சரிங்க. அனுஷத்தன்னிக்குத் தோட்டத்துல வேலை இருந்தா போக வேணாம். நான் வாயே திறக்கல. வேலை இல்லைன்னா போகணும். சரிதானே?"

"சரி" என்றார் வாத்தியார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் சரி சொன்னதில்லை. தோட்டத்தில் வேலை இல்லாத நாள் என்று ஒன்று உண்டா?

பங்குனி பிறந்த மறுநாளே அனுஷம். அன்று விடியும்போதே கொல்லைக்குப் போய்விட்டார். களை எடுத்த பாத்தியில் மறுபடி களை எடுத்தார். உடையாத வரப்பை உடைத்து, அதையே கட்டினார். வாய்க்காலை ஆழமாக்கினார், ஆழம் அதிகமென்று தூர்த்தார். கழுத்து கறுத்துவிட்டது. மதியம் மாதங்கி மோரோடு வந்தாள்.

"வேலை நிறைய இருக்காங்க?"

"தலைக்கு மேல இருக்கு."

"இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாயே திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள். பொழுது சாய்ந்தது. அனுஷம் போயிற்று. வாத்தியார் கிணற்றடியில் கை கால் கழுவிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, இரண்டு அடி ஆடினார். மதிலுக்கு அந்தப் பக்கம் யூனுஸ் இருமினார்.

அதற்கப்புறம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆபத்தும் நீங்கியது, காயும் காய்த்தது. கொத்தவரை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கத்திரிக்காய் எண்ணெய் தடவின மாதிரி மின்னியது. வெண்டை ஒரு நாள் பார்க்காவிட்டால் விரலுக்கு மேல் நீண்டது. வருகிறவர் போகிறவரை எல்லாம் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்தார். தபால்காரர் வேறு தெரு வழியாக வர ஆரம்பித்தார்.

மாதங்கிதான் அடக்கமாகச் சொன்னாள். இவ்வளவு அழகா வந்திருக்கு, நாம ரெண்டு பேரு மட்டும் தின்னா ஆச்சா? நம்ம சனங்களையும் கூப்பிட்டு ஒரு சாப்பாடு போடலாமே. பங்குனி கடைசி ஞாயிறு சௌகரியமா இருக்கும். ஆனா நான் கூப்பிட்டா வர மாட்டாங்க. நீங்க உங்க வாயால கூப்பிடணும்.

அவர் வாயால் கூப்பிட்டார். தம்பி, தங்கை, மைத்துனர், கும்பகோணத்துச் சித்தப்பா மகன், பேச்சுவார்த்தை இல்லாத திருவாரூர் அத்தான் வரைக்கும் போன் போட்டார். கூடப் பணிபுரிந்த வாத்தியார்களைக் கூப்பிட்டார். "என் கையால விளைஞ்சது. நீங்க வந்தே ஆகணும்" என்றார். வரமுடியாது என்றவர்களிடம் கோபித்துக்கொண்டார். எல்லோரும் "கண்டிப்பா வர்றோம், உங்களுக்கு இல்லாததா" என்றார்கள். குரலில் ஒரு கனிவு இருந்தது. தோட்டத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று அவருக்கே ஆச்சரியம்.

சனிக்கிழமை மதியம் மாதங்கி அவரைக் கடைக்கு அனுப்பினாள். வாழை இலை, காப்பித்தூள், வெல்லம், நெய். நெய் ஒரு குறிப்பிட்ட கடையில்தான். அந்தக் கடை மூடியிருந்தால் திறக்கும்வரை இருந்து வாங்கி வரவேண்டும். மூடித்தான் இருந்தது. அவர் குளத்தங்கரையில் காத்திருந்து, வாங்கிக்கொண்டு திரும்பும்போது இருட்டிவிட்டது. சாயங்காலத் தண்ணியை பர்வின் விட்டாச்சு என்றாள் மாதங்கி. பர்வின் யூனுஸின் மனைவி. சரி என்று படுத்துவிட்டார்.

ஞாயிறு விடியற்காலை பூவாளியோடு கொல்லைக் கதவைத் திறந்தார்.

பாத்திகள் இருந்தன. பாத்தியில் எதுவும் இல்லை. ஒரு கொத்தவரை இல்லை, ஒரு கத்திரிக்காய் இல்லை. காய் மட்டும் இல்லை, செடியையும் வேரோடு பிடுங்கி, மண்ணைக் கொத்தி, மட்டமாக்கி, பெருக்கி வைத்திருந்தது. களைகூட இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால்கூடக் குறை சொல்ல முடியாத வெறும் தரை.

"மாதங்கி, திருடிட்டாங்க" என்றார்.

மாதங்கி வந்தாள். குளித்து, பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

"யாரும் திருடல. சமையலுக்குப் போயிருக்கு. யூனுஸ் அண்ணன் அவரோட குட்டியானை வண்டியில ஏத்திக்கிட்டு நேத்தே கிளம்பிட்டாரு."

"சமையல் இங்கதானே?"

"திருக்கடையூர்ல."

வாத்தியார் பூவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூவாளியிலிருந்து தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றியது. அனுஷம்தான் போன மாதமே, இல்லை, மாதம் பிறந்தபோதே முடிந்துவிட்டதே என்றார். சொன்ன சொல் என்ன ஆயிற்று என்றார்.

"நட்சத்திரம் எத்தனைங்க?"

"இருபத்தேழு."

"பங்குனிக்கு எத்தனை நாள்?"

அவர் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"முப்பது. மாசம் பொறந்த உடனே வந்த நட்சத்திரம் மாசம் முடியறதுக்குள்ள இன்னொரு தடவை வரும். ரெண்டு தடவை வந்தா ரெண்டாவதுலதான் செய்யணும்னு குருக்கள் தையிலேயே சொல்லிட்டாரு. இன்னிக்கும் அனுஷம்தான். இப்பச் சொல்லுங்க, தோட்டத்துல வேலை இருக்கா?"

அவர் பாத்தியைப் பார்த்தார். ஒரு புல்லாவது கண்ணில் படாதா என்று பார்த்தார். பர்வின் சுத்தமான பெண்பிள்ளை.

வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. அவர் வாயால் கூப்பிட்ட அத்தனை பேரும் இறங்கினார்கள். பேச்சுவார்த்தை இல்லாத அத்தான்தான் முதலில் இறங்கினார். மைத்துனர் கையில் புது வேட்டி. போன வருடம் நனைந்த கோழியாக நின்ற அதே மைத்துனர். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை. "ஏறுங்க மாப்ளே" என்றார்.

'முடியாது' என்ற சொல் வாத்தியாரின் தொண்டைவரைக்கும் வந்தது. நாற்பது பேர் வாசலில் நின்றார்கள். ஒவ்வொருத்தரும் அவரே கோபித்துக்கொண்டு வரவழைத்த ஆள். வேட்டியை வாங்கிக்கொண்டார்.

திருக்கடையூரில் எல்லாம் நடந்தது. ஒன்றும் விடவில்லை. பெங்களூரிலிருந்து நேராக வந்திருந்த மகள்தான் சல்லடையைப் பிடித்தாள். நாற்பது பேரும் ஊற்றினார்கள். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் அவர் நடுங்கினார். தாலி கட்டும்போது அவர் கை மண்வெட்டி பிடித்துக் காய்த்துப் போயிருந்ததை மாதங்கி பார்த்தாள். கேமராக்காரன் அவரிடமும் ஒரு லவ் பார்வை கேட்டான். அவர் திரும்பிப் பார்த்தார். மாலையோடு அவள் நின்ற நிலையில், கேட்காமலே அது வந்துவிட்டது. கேமராக்காரன் ஒரே தடவையில் ஓகே என்றான். இதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

பந்தியில் இலை போட்டார்கள். கத்திரிக்காய் சாம்பார், வெண்டைக்காய் மோர்க்குழம்பு, கொத்தவரை உசிலி, வெள்ளரிப் பச்சடி. எல்லாம் அவர் கொல்லை. கல்யாணப் பந்திக்கு ஆகாத பாகல் மட்டும்தான் இல்லை. அத்தனை பாத்தியும் இலையில் வந்து உட்கார்ந்திருந்தது. எதிர்ப் பந்தியில் யூனுஸ் மூன்றாவது தடவை உசிலி கேட்டுக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து, தன் அறுபதாம் கல்யாணத்துக்குத் தானே காய் போட்டு, தானே களை எடுத்து, தானே போன் போட்டு அழைத்த ஒரே ஆள் அவர்தான் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

வாத்தியாருக்கும் ரோஷம் உண்டு. கடைசியாக ஒரு வார்த்தையாவது தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று தோன்றியது. கையில் இருந்த கொத்தவரையை இலை ஓரத்தில் அழுத்தமாக வைத்தார்.

"இதோட சரி மாதங்கி. எழுபதுக்கும் சாந்தி அது இதுன்னு ஆரம்பிச்சேன்னா நான் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். முடியாது."

முப்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சொல்லிவிட்டார். மாதங்கி அவர் இலையில் இன்னும் கொஞ்சம் உசிலியை எடுத்து வைத்தாள்.

"அதுக்கு இன்னும் நாள் இருக்குங்க. நாளைக்கு அந்தக் காலிப் பாத்தியில ரெண்டு தென்னங்கன்னு வைங்க, எழுபதுக்குத் தேங்காய்க்குச் சரியா இருக்கும்."